கடைசிப் பொத்தான்

அன்று காலை காரோடு கிராமத்து மையத்தின் முன்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஊர் தன் இஷ்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டது.

துப்பறியும் சுகிர்தபாய் இருந்தார். நெய்யாற்றின்கரையில் அலுவலகம் வைத்திருப்பவர். முன்பு இன்சூரன்ஸ்காரர்களுக்காகத் தீ விபத்துகளை விசாரித்தவர். அவருடைய உதவியாளர் ஸ்ரீகுமாரி இருந்தாள். பஸ் கண்டக்டராக இருந்து, வாய் காரணமாக அந்த வேலையை விட்டவள். திருவனந்தபுரத்து வெர்டாலின் மென்பொருள் நிறுவனத்தில் தர்ம காரியங்களைக் கவனிக்கும் ஜித்தின் இருந்தார். மையத்தின் டீச்சர் ஷிஜா. பொழியூரிலிருந்து வந்திருந்த ரோசம்மா. இறந்துபோன லிஜாவின் தாய். மையத்தின் செயலாளரும் என் மகனுமான சஜின். என் மகள் வயிற்றுப் பேரன் அனந்து. அவன் தாய் மஸ்கட்டில் நர்ஸ். பிறகு நான், ராஜப்பன், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். போலீஸ்காரர் யாரும் அங்கே இல்லை.

மையம் என்பது கற்பதில் குறைபாடு உள்ள இளைஞர்களுக்குத் தொழில் பழக்கும் இடம். கட்டடம் எங்கள் குடும்பத்துடையது. வாசல் பலகையில் என் தகப்பனார் பெயர் இருக்கிறது. பிள்ளைகள் செய்யும் மெழுகுவர்த்திகளை வெர்டாலின் ஊழியர்கள் ஆண்டுதோறும் விழா வைத்து ஏலம் எடுப்பார்கள். அந்த நிதியில்தான் மையம் நடந்தது. இந்த ஆண்டு விழாவுக்காக அவர்கள் படம் பிடிக்க வந்த நாளில் மெழுகு அறையில் தீப்பிடித்தது. உள்ளே அகப்பட்ட லிஜா ஆஸ்பத்திரியில் இறந்தாள். பத்தொன்பது வயது.

தீக்குக் காரணம் அனந்து என்று நிறுவனத்தின் விசாரணை சொன்னது. அவன் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தீக்காயம் இருந்தது. அதற்கு மேல் சாட்சி எதற்கு என்று ஊரும் சொன்னது. எங்கள் குடும்பத்தைப் பற்றி ஊர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் சுகிர்தபாயை வரவழைத்தேன்.

ஜித்தின் ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார்.

"அங்கிள், ஒரு கையெழுத்து மதி, அது போதும். வடக்கே நல்லொரு ஹோம் உண்டு. மதில் உண்டு, காவல் உண்டு, டாக்டர் உண்டு. வண்டி வெளியே நிக்குது. அனந்து அங்க போயாச்சுன்னா எங்க மேனேஜ்மென்ட் மையத்தைக் கைவிடாது."

"நான் உங்களுக்கு அங்கிள் இல்லை."

"ஸாரி, மாஸ்டர்."

நான் பேனாவைத் தொடவில்லை. நான் கையெழுத்திட்டால் அனந்து அன்றைக்கே போக வேண்டும். அவனுக்கு மதிலும் தெரியாது, காவலும் தெரியாது. காலையில் என்னோடு குளத்தூர் வரை நடந்து திரும்பி வருவது தெரியும். கையெழுத்திடாவிட்டால் மையம் மூடப்படும். இரண்டில் எது நடந்தாலும் லிஜாவைக் கொன்றது ராஜப்பன் வீட்டுப் பையன் என்பது நின்றுவிடும்.

சுவரோரம் புதுப் போஸ்டர்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. லிஜா சிரிக்கும் படம். அதன் கீழே, 'லிஜாவுக்காக ஒரு வெளிச்சம்'. விழாவை அவள் நினைவாக நடத்தப் போகிறார்களாம். வருகிற ஒவ்வொருவரும் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்ற வேண்டுமாம்.

ஸ்ரீகுமாரி போஸ்டரின் முன்னால் குனிந்து படித்தாள்.

"மெழுகுல வெந்து செத்த பிள்ளைக்க பேருல மெழுகுதிரியா விக்கிய? அடுத்த வருசம் பாம்பு கடிச்சுச் செத்தவனுக்க பேருல பாம்பாட்டம் வைப்பியளோ?"

"ஸ்ரீகுமாரி," என்றார் சுகிர்தபாய்.

"சிங்கிள் பெல். நிறுத்தியாச்சு அக்கா."

ரோசம்மா கதவோரத்தில், அனந்துவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அனந்துவோ தன் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அன்று காலை அவசரத்தில் சஜின்தான் அவனுக்குச் சட்டை மாட்டி, எல்லாப் பொத்தானையும் போட்டுவிட்டிருந்தான். வழக்கமாக அது என் வேலை. மேலிருந்து நான் போட்டு வருவேன். கடைசிப் பொத்தான் அனந்துவுடையது. அதை வேறு யாரும் தொடக்கூடாது. இப்போது அவன் கடைசிப் பொத்தானைக் கழற்றினான். கட்டுப்போட்ட கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு, திரும்பத் தானே போட்டான். பிறகு தாடையை உயர்த்தி எல்லாரையும் ஒருமுறை பார்த்தான்.

சுகிர்தபாய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை மாட்டிவிட்டது யார் என்று என்னிடம் கேட்டார், சஜின் என்றேன்.

"உங்க விசாரணை என்ன சொல்லுது? வாசிங்க," என்றார் ஜித்தினிடம்.

ஜித்தின் செல்போனைப் பார்த்து வாசித்தார். நேரில் கண்ட ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். அனந்து தனியாக மெழுகு அறைக்குள் போனான். அடுப்பைப் பற்றவைத்தான். பாத்திரத்தை ஏற்றினான். மெழுகுக் கட்டிகளைப் போட்டான். அவன் படித்தது அந்த மூன்று படிகள்தான். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றான். பிறகு அடுப்பை அணைக்காமல் வெளியே ஓடிவிட்டான்.

"படிச்சது மூணு படிதான்னு அந்த ஆளே சொன்னாரா?"

"ஆமா மேடம். நல்ல டீட்டெயில்டா சொல்லியிருக்காங்க."

"கண்ட ஆளுக்குப் பேர் என்ன?"

"அது சொல்ல ஒக்காது. கம்பெனி பாலிசி."

"கண்ணு உண்டு, பேரு இல்லியா?" என்றாள் ஸ்ரீகுமாரி. "எக்க பஸ்ஸுலயும் இப்படிக் கொறே பேரு ஏறுவாவ. டிக்கெட் கேட்டா ஒறக்கம்."

சஜின் எழுந்தான். "இதெல்லாம் இனி எதுக்குச் சேச்சி? செத்த பிள்ள திரும்பி வருமா? அப்பாவுக்கும் வயசாச்சு. நான் சாயா போடச் சொல்லுதேன்." அவன் அடுக்களைப் பக்கம் போனான்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா மதி, மாஸ்டர்," என்றார் சுகிர்தபாய். "ஜன்னல்ல நிண்ண கண்ணு யாருக்கது? அத மட்டும் தேடுவோம்."

அது ஜித்தினாக இருக்கும் என்று நான் நினைத்தேன். வெளியூர்க்காரர். நிறுவனத்தைக் காப்பாற்ற வந்தவர். நினைப்பதற்கு எனக்கு வசதியாகவும் இருந்தது.

மெழுகு அறைக்குப் போனோம். சுகிர்தபாய், ஸ்ரீகுமாரி, ஷிஜா, ஜித்தின், அனந்து, நான். சுவர் கூரை வரை கறுத்திருந்தது. அனந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டான். ஜன்னலின் பாதியை ஒரு அலமாரி மறைத்திருந்தது.

"இஞ்ச நிண்ணு பாத்தா அடுப்புக்க பாதிதான் காணும்," என்றாள் ஸ்ரீகுமாரி, வெளியே போய்த் தலையை நீட்டி. "நல்ல கழுத்து உள்ள ஆளாக்கும்."

சுகிர்தபாய் சுவரைப் பார்க்கவில்லை. கருகிய மெழுகுப் பாத்திரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதன் அடி நேரடியாக எரிந்து நிறம் மாறியிருந்தது.

"டீச்சர், மெழுகு உருக்குவது எப்படி?"

"தண்ணிப் பாத்திரத்துக்குள்ள வச்சு, மேடம். வெளிய பெரிய பாத்திரத்துல வெள்ளம் கொதிக்கணும். அதுக்குள்ள மெழுகுப் பாத்திரம். நேரே தீயில வச்சா ஆபத்தாக்கும்."

"அந்தப் பெரிய பாத்திரம் எங்க?"

ஷிஜா பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். அலுமினியப் பாத்திரம் கல்லின் மேல் கவிழ்ந்து கிடந்தது, கழுவியபடி, பளபளவென்று.

"தீப்பிடிச்ச அன்னைக்கி யாரும் இத எடுக்கல்ல," என்றார் சுகிர்தபாய். "அடுப்பப் பத்த வச்சது அவசரத்துல இருந்த ஆளு. இல்லேன்னா ஒண்ணும் தெரியாத ஆளு."

"ஒண்ணும் தெரியாதது அனந்துவுக்குத்தானே மேடம்?" என்றார் ஜித்தின் தணிந்த குரலில்.

நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் விலகி நின்றுகொண்டார்.

சுகிர்தபாய் அனந்துவின் பக்கத்தில் போனார்.

"மக்கா, அன்னைக்கி நீ எதுக்கு உள்ள போன?"

அனந்து என் முகத்தைப் பார்த்தான். சொல்லு என்று தலையசைத்தேன்.

"லிஜா விளிச்சா. நான் போனேன்."

"அவ எதுக்கு உள்ள போனா?"

"அவளுக்க திரி. நீலம். சாருக்குக் குடுக்க."

ஷிஜா முந்தானையால் வாயைப் பொத்தினாள். லிஜா தான் செய்த நீல மெழுகுவர்த்தியை அன்று வரும் பெரிய அதிகாரிக்குக் கொடுக்க ஆசைப்பட்டாள். அது அந்த அறையின் அலமாரியில் இருந்தது. எல்லாரையும் ஷிஜா பூக்களோடு கேட் பக்கம் வரிசையில் நிறுத்தப் போயிருந்த நேரத்தில் லிஜா அதை எடுக்கத் திரும்பியிருக்கிறாள். அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் அலறியதைக் கேட்டு அனந்து உள்ளே போயிருக்கிறான். காயத்தை எல்லாரும் பார்த்தார்கள். அது எப்படி வந்தது என்று அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

"எங்க ரிப்போர்ட்டில இது இல்ல," என்றார் ஜித்தின்.

"கேட்டாத்தானே இருக்கும்," என்றாள் ஸ்ரீகுமாரி. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"அவன் சொல்லுததைப் போலீஸ் எடுக்குமா மேடம்? அவன் நிலைமை..."

"எடுக்காண்டாம்," என்றார் சுகிர்தபாய். "வாயால சொன்னத விடுவோம். கையால சொல்லட்டும். டீச்சர், இவன் ஒரு மெழுகுதிரி செய்யட்டும்."

வகுப்பறையில் ஒரு மேசையைக் காலி செய்தார்கள். சிறிய மின்னடுப்பு, பாத்திரங்கள், மெழுகுக் கட்டிகள், நூல், அச்சு எல்லாவற்றையும் சுகிர்தபாய் அவன் முன்னால் வைத்தார். "செய் மக்கா," என்றார்.

அனந்து மேசையின் முன் நேராக உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். காத்திருந்தான். அடுப்பைப் பார்க்கக்கூட இல்லை.

"எதுக்கு மக்கா சும்மா இருக்க? அடுப்பப் பத்த வை."

"அது ஷிஜா டீச்சருக்க வேல."

"மெழுகு போடு."

"அதும் டீச்சருக்கது."

"பின்ன ஒனக்க வேல எது?"

அவன் ஷிஜாவைப் பார்த்தான். அவள் அலமாரியிலிருந்து ஏற்கெனவே மெழுகு ஊற்றி இறுகிய ஒரு அச்சைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் முகம் மாறியது. அச்சின் பிடியைக் கழற்றினான். இரண்டாகப் பிரித்து மெழுகுவர்த்தியை வெளியே எடுத்தான். கத்தரியால் திரியை நறுக்கினான். காகிதத்தில் சுற்றி, நுனியை மடித்து ஒட்டினான். பிறகு தாடையை உயர்த்தி எல்லாரையும் பார்த்தான்.

பொத்தான் போட்டுவிட்டுப் பார்த்த அதே பார்வை.

"மூணு படி," என்றார் சுகிர்தபாய். "எடுப்பது, நறுக்குவது, பொதிவது. படிச்சது மூணு படிதான். அதுல பொய் இல்ல. எந்த மூணு என்பதுலதான் அந்தக் கண்ணுக்குப் பிசகிப்போச்சு."

ஷிஜா விளக்கினாள். இந்தப் பிள்ளைகளுக்குத் தொழிலைக் கடைசியிலிருந்துதான் பழக்குவார்களாம். முன்வேலை எல்லாம் டீச்சர் செய்வார். கடைசி வேலையைப் பிள்ளை செய்யும். அப்போது முடிந்த பொருள் அதன் கையில் இருக்கும். நானே செய்தேன் என்ற நிறைவு முதல் நாளே கிடைத்துவிடும். அது நன்றாகப் பழகிய பிறகு, அதற்கு முந்திய வேலை. இப்படி வாலிலிருந்து தலைக்கு வருவது. அடுப்பு தலையில் இருக்கிறது. அனந்து அடுப்புக்கு வந்து சேர இன்னும் வெகுகாலம் ஆகும்.

"வீட்டுலயும் அப்படித்தானே சார் பழக்கச் சொன்னேன்? கடைசிப் பொத்தான மட்டும் அவனுக்கு விடச் சொல்லி?"

சொன்னாள்தான். நானும் அப்படியே செய்து வந்தேன். அது வெறும் பொத்தான் விஷயம் என்றே எண்ணியிருந்தேன்.

"மாசாமாசம் கூட்டத்துல என்ன சொல்லுவிய டீச்சர்?"

"அனந்து மூணு படி படிச்சாச்சு, நந்தனா அஞ்சு படி படிச்சாச்சு எண்ணு சொல்லுவேன். அவ்வளவுதான்."

"வகுப்புல வந்து இருக்காத ஆளு அதக் கேட்டா, முதல் மூணு படின்னுதான் நெனைக்கும். நானும் அப்படித்தான் நெனைச்சிருப்பேன்." சுகிர்தபாய் ஜித்தின் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்க சொல்லுங்க. ஜன்னல்ல நிண்ணது நீங்களா?"

"நானா?" ஜித்தினுக்கு வியர்த்தது. "மேடம், டீச்சர் பாடம் எடுக்குததை முழுசா ஷூட் செய்ததே நானாக்கும். கடைசியிலிருந்து பழக்குவது எனக்கு நல்லா தெரியும்."

"தெரியும்ல? பின்ன இந்தச் சாட்சியத்த வாசிக்கும்போ உங்களுக்கு உறுத்தல்லியா?"

அவர் கறுத்த சுவர் இருந்த பக்கம் பார்த்தார்.

"உறுத்திச்சு. மேலே உள்ளவங்ககிட்ட சொன்னேன். எழுதினது போதும், விழா வருதுன்னாங்க."

"கொள்ளாம், நல்ல காரியம்," என்றாள் ஸ்ரீகுமாரி. "ஸ்டாப்பு தெரியும், பெல் அடிக்கல்ல."

"உங்கள விட்டாச்சு," என்றார் சுகிர்தபாய். "பாடம் தெரிஞ்சவன் இந்தப் பொய்யச் சொல்லமாட்டான். ஷிஜாவும் சொல்லமாட்டா. கூட்டத்துல இருந்து எண்ணிக்கை கேட்டவன், வகுப்புல இருக்காதவன். அவன் யாருன்னு இண்ணைக்கிக் காலையில அந்தப் பொத்தானே காட்டித் தந்தாச்சு. ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கி மெழுகு உருகி இருக்கணும்னு கேட்டது யாரு?"

ஜித்தின் மிகவும் மெல்லச் சொன்னார். "நான் கேட்டேன். கேமரா உள்ளே வரும்போ ஆவி பறக்கணும்னு சொன்னேன். 'டீச்சர் பிள்ளைகளோட நிக்கட்டும், அத நான் பாத்துக்கிடுதேன்'னு சொன்னாங்க."

"யாரு சொன்னாவ?"

அவர் என்னைப் பார்த்தார். அன்று காலை அனந்துவின் சட்டையில் எல்லாப் பொத்தானையும் போட்டுவிட்டவன் யார் என்பதை நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

சுகிர்தபாய் என்னை முற்றத்துக்கு அழைத்துப் போனார்.

"மாஸ்டர், இனி ஒரு கேள்விதான் பாக்கி. நான் கேக்கட்டா, நீங்க கேக்கியளா?"

"என் வீட்டுக் கேள்வி. நான் கேட்கிறேன்."

முன்கூடத்தில் சஜின் ரோசம்மாவுக்குச் சாயா நீட்டிக்கொண்டிருந்தான். அவர் வாங்கவில்லை.

"சஜின், அடுப்பைப் பற்றவைத்தது யார்?"

அவன் தம்ளரை மேசையில் வைத்தான். என் பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். எல்லாம் தெரிந்துவிட்டது என்பது ஷிஜாவின் முகத்திலேயே இருந்தது.

"அப்பா, உள்ள வாங்க. நம்ம உள்ள பேசுவோம்."

"இங்கேயே பேசு."

"சீக்கிரம் உருகட்டும்னு நேரே வச்சேன். அதுக்குள்ள பெரிய சாருக்க காரு வந்தாச்சு. பொன்னாடை போத்தப் போனேன். மறந்துபோச்சு அப்பா. சத்தியமா மறந்துபோச்சு."

"மறந்தது சரி. அனந்து பெயரைச் சொன்னபோது நினைவு இருந்ததா?"

அவன் அழத் தொடங்கினான். "செயலாளர் செய்ததுன்னு தெரிஞ்சா கம்பெனி போயிரும். மையத்தப் பூட்டணும். தாத்தாவுக்க பேரு உள்ள எடமாக்கும் இது. நம்ம குடும்பத்துக்க மானத்துக்குத்தான் அப்பா செய்தேன். அனந்துவ யாரும் ஜெயிலுல போடமாட்டாவ. ஊரு என்ன சொன்னாலும் அவனுக்கு வெளங்கவும் செய்யாது."

"அவனும் இந்தக் குடும்பம்தான்," என்றேன்.

ரோசம்மா எழுந்தார். அவர் சஜினை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன். அவர் அவனைக் கடந்து போய், போஸ்டர்களைத் திருப்பி, முகம் சுவரைப் பார்க்கும்படி ஒவ்வொன்றாகச் சாய்த்து வைத்தார்.

"எக்க பிள்ளைக்க படத்த வச்சு ஒண்ணும் விக்காண்டாம்," என்றார் ஜித்தினிடம். "எடுத்துட்டுப் போயிரு."

பிறகு அனந்துவின் முன்னால் நின்று, அவன் கைக்கட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மாஸ்டரே, அடக்கத்துக்கு இவன உள்ள விடாண்டாம்னு நானாக்கும் சொன்னது. கேட்டுக்கு வெளிய நிண்ணான். இண்ணைக்கி நான் கல்லறைக்குப் போறேன். இவனும் வரட்டு."

அனந்து என்னைப் பார்த்தான். "போயிட்டு வா," என்றேன். அவன் அப்போதுதான் சுற்றிய மெழுகுவர்த்தியை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தான். ஸ்ரீகுமாரி செருப்பை மாட்டிக்கொண்டு, "கூட்டமா இருக்கும், நானும் வாறேன்," என்றாள். அங்கே கூட்டம் எதுவும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

ஜித்தின் அந்தக் காகிதத்தை எடுத்து மடித்தார். வெளியே நின்ற வண்டி காலியாகத் திரும்பியது. வெர்டாலின் அந்த ஆண்டு விழா நடத்தவில்லை. மையம் பூட்டப்பட்டது. பூட்டியவன் நான். ஷிஜா நான்கு பிள்ளைகளைத் தன் வீட்டு வராந்தாவில் வைத்துப் பழக்கி வருகிறாள். அனந்து அவர்களில் ஒருவன்.

அன்றைக்கே சஜினை முகம் கழுவச் சொன்னேன். வெள்ளை வேட்டி உடுத்தச் சொன்னேன். ஆட்டோ பிடித்து, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. எங்களை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. என் மகன் சொல்லி முடிக்கும் வரை நின்றிருந்தேன்.

பேரனைக் காப்பாற்றுவதற்காக ராஜப்பன் மாஸ்டர் குற்றமில்லாத மகனைப் பிடித்துக் கொடுத்துவிட்டார் என்று பாறசாலை முதல் பொழியூர் வரை ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அடுப்பைப் பற்றவைத்தவன் சஜின். தீக்குள் போனவன் அனந்து.